பிரிட்டிஷ்காரன் கட்டின முதல் சூப்பர்சானிக் ஃபைட்டர் புரோட்டோடைப்புங்க எல்லாம் கடைசில என்ன கதி ஆச்சு?

ரன்வேமேடு:
ரொம்ப நாளா மனசுல அரிச்சிட்டிருந்த விஷயம், இன்னிக்கு லீவு, கொட்டிடறேன். ஜெட் எஞ்சின்ல முன்னோடி நாடு. 1943லயே மணிக்கு 1000 மைல் போற பிளேன் வேணும்னு மைல்ஸ் கம்பெனிக்கு ஆர்டர் குடுத்த நாடு. ஆனா அவங்க பிளேன் ஒண்ணு டைவ் அடிக்காம, நேரா லெவல்ல பறந்து ஒலி வேகத்த தாண்டினது 1954 ஆகஸ்ட் 11. நடுவுல பதினோரு வருசம். அமெரிக்காக்காரன் 1947 அக்டோபர் 14 அன்னிக்கே பெல் எக்ஸ்-1ல தாண்டிட்டான். சரி அது ராக்கெட், இன்னொரு பிளேன்ல இருந்து தூக்கிட்டு போய் விட்டது, அன்னிக்கு தானா ரன்வேல இருந்து ஏறல, அத விடுங்க. என் கேள்வி இந்த நடுவுல கட்டின புரோட்டோடைப்புங்க பத்தி. ஒண்ணு ரத்து, ஒண்ணு விழுந்துச்சு, ஒண்ணு சாதனை பண்ணிட்டு ஷெட்டுக்குள்ள போச்சு. என்னைக் கேட்டா இதெல்லாம் விபத்து இல்ல, அரசாங்கம் பண்ண கொலை. அந்த 1943 ஆர்டர்ல வந்த மைல்ஸ் எம்.52தான் முதல் பொணம். ஒத்துக்கறவங்க ஒத்துக்கோங்க, இல்லாதவங்க சண்டைக்கு வாங்க.

டீக்கடைபெஞ்ச்:
வந்துட்டேன் தல. அந்த 1000 மைல் எப்படி வந்துச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்களே, ஜெர்மன்காரன் மணிக்கு 1000 கிலோமீட்டர் போற பிளேன் கட்டுறான்னு உளவுத் தகவல் வந்துச்சாம், இங்க எவனோ அத மைல்னு படிச்சுட்டு பதறிப்போய் ஆர்டர் போட்டானாம். கதையோ நிஜமோ, நம்மூர் தாசில்தார் ஆபீஸ்ல நடக்கக்கூடியதுதான்.

எதிர்க்கட்சி:
சண்டைக்கு கூப்பிட்டா வராம இருப்பேனா. எம்.52ன்னாலே எல்லாரும் ஒப்பாரி வெச்சுட்டு ஆரம்பிக்கிறீங்க. கொஞ்சம் 1946 பிப்ரவரிக்கு போய் உக்காந்து பாருங்க. போர் முடிஞ்சு ஆறு மாசம், கஜானா காலி, ரொட்டியே ரேஷன் ஆகப்போற நாடு. ஜெர்மனில இருந்து பின்னாடி சாஞ்ச ரெக்கை பத்தின பேப்பரெல்லாம் கட்டுக்கட்டா வந்து இறங்குது. உங்க கைல இருக்கிறது நேர் ரெக்கை பிளேன். எஞ்சின், ஜெட் எஞ்சின் முன்னோடி விட்டிலோட டபிள்யூ.2/700, அதுக்கு பின்னாடி ஃபேன் வெச்சு, அதுக்கும் பின்னாடி ஆஃப்டர்பர்னர் (வெளிய போற புகைல திரும்ப எண்ணெய் ஊத்தி எரிக்கறது) வெச்சுன்னு பேப்பர்ல அழகா இருக்கு, அந்த மொத்த செட்டும் ஒண்ணா ஒரு பிளேன்ல ஏறி பறந்ததே இல்ல. அறிவியல் ஆராய்ச்சிக்கு டைரக்டரா இருந்த பென் லாக்ஸ்பைசர் நிறுத்துன்னு சொன்னதுல என்ன கொலை? நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேன்.

ரன்வேமேடு:
யோசிக்கலாம் சார், முக்கால்வாசிக்கு மேல டிசைன் முடிஞ்ச பிளேன தூக்கி போடலாமா? ஓட்டறதுக்கு எரிக் பிரவுன்னு ஆளே ரெடியா இருந்தாரு. ஆள் குள்ளம், அதனால நேவில "விங்கிள்"னு பேரு. அந்த காக்பிட்ட பாத்தீங்கன்னா கேப்சூல் மாதிரி, சின்ன ஆள்தான் உள்ள நுழைய முடியும். ஆபத்துன்னா காக்பிட்டே தனியா கழண்டுக்கும், அப்புறம் பைலட் வெளிய குதிக்கணும். 1943ல யோசிச்சது இது.

அப்புறம் நிறுத்தினதுக்கு சொன்ன காரணம் என்ன? பைலட் உயிருக்கு ஆபத்து, ஆள் இல்லாத ராக்கெட் மாடல் வெச்சு சோதிச்சுக்கலாம்னு. சரின்னு விக்கர்ஸ்ல பார்ன்ஸ் வாலிஸ் ஆளுங்க மாடல் கட்டினாங்க. எந்த வடிவத்துல? அதே எம்.52 வடிவம், சின்ன சைஸ்ல! மாஸ்கிட்டோ பிளேன்ல இருந்து கீழ விட்டாங்க, 1947ல முதல் மாடல் சொதப்பிருச்சு. 1948 அக்டோபர்ல ஒண்ணு மாக் 1.38, அதாவது ஒலி வேகத்த போல 1.38 மடங்கு, போச்சு. போதும் கடல்ல விழுன்னு சிக்னல் குடுத்தா அது கேக்கல, அட்லாண்டிக் பக்கமா போய்ட்டே இருந்துச்சு, ரேடார்ல அதுதான் கடைசியா தெரிஞ்சது. அதோட அந்த மாடல் திட்டத்தையும் மூடிட்டாங்க. அதாவது டிசைன் சரின்னு நிரூபிச்ச உடனே கடைய சாத்திட்டாங்க. இதுக்கு என்ன பேரு வெக்கலாம்?

டீக்கடைபெஞ்ச்:
அந்த மாடலுக்கு மட்டும்தான் புத்தி இருந்திருக்கு. திரும்பி வந்தா ரத்து பண்ணிருவாங்கன்னு தெரிஞ்சு ஓடிருச்சு.

ஏரோபொண்ணு:
நான் ஏரோ மூணாவது வருசம் படிக்கிறேன், இங்க புதுசு, தப்பா இருந்தா திட்டாதீங்க. எம்.52ல எனக்கு ரெக்கைய விட வால்தான் பெருசா தெரியுது. சாதாரணமா பின்னாடி வால்ல முன்பகுதி அசையாது, பின்பகுதி மட்டும் கீல் போட்ட கதவு மாதிரி மேல கீழ ஆடும், அதான் எலிவேட்டர். ஒலி வேகத்துக்கு பக்கத்துல போறப்ப ஷாக் வேவ் சரியா அந்த கீல் இருக்கிற இடத்துல வந்து உக்காந்துக்கும், அப்ப பின்பகுதிய என்ன ஆட்டினாலும் அதோட சேதி முன்பகுதிக்கு போகாது, பைலட் ஸ்டிக்க இழுப்பார் மூக்கு ஏறாது. எம்.52ல முழு வாலையும் ஒரே துண்டா திருப்பற மாதிரி பண்ணாங்க. அத ஒரு ஸ்பிட்ஃபயர்ல மாட்டி முன்கூட்டியே பறந்தும் பாத்துட்டாங்க. அந்த பிளேடு மாதிரி மெலிசான ரெக்கையையும் மரத்துல செஞ்சு ஒரு மைல்ஸ் ஃபால்கன்ல மாட்டி பறந்தாங்க, அதுக்கு "ஜில்லெட் ஃபால்கன்"னு பட்டப்பேரு, ஷேவிங் பிளேடு ஞாபகத்துல. எக்ஸ்-1ல யேகர் மாக் 0.94 கிட்ட எலிவேட்டர் வேலை செய்யாம திண்டாடி, அப்புறம் முழு வாலையும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பித்தான் ஒலிய தாண்டினார். அந்த ஐடியா இங்கிருந்து போனதுன்னு சொல்றாங்களே?

எதிர்க்கட்சி:
தங்கச்சி நல்லா எழுதிருக்கீங்க, திட்ட ஒண்ணுமில்ல. ஆனா கடைசி வரில கொஞ்சம் பிரேக் போடுங்க. 1944ல பெல் கம்பெனி ஆளுங்க மைல்ஸ்ல வந்து பாத்துட்டு போனாங்க, பதிலுக்கு தரவேண்டிய தகவல தரலங்கிறது மைல்ஸ் பக்கத்து புகார். ஆனா வால திருப்பற மாதிரி வைங்கன்னு அமெரிக்க அரசாங்கத்தோட விமான ஆராய்ச்சி அமைப்பு என்ஏசிஏவும் தன் பங்குக்கு சொல்லிட்டிருந்துச்சு. எக்ஸ்-1ல இருந்தது ட்ரிம் பண்றதுக்காக திருப்பற வால், கூடவே எலிவேட்டரும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணு கிடையாது. காப்பின்னு ஒரே வார்த்தைல முடிச்சா நமக்கு கோபம் வர்றதுக்கு வசதி, அவ்ளோதான்.

பழையஃபிட்டர்:
ஏனுங்க, எம்.52லயே நின்னுட்டீங்க. பறக்காத பிளேனுக்கு இத்தன அழுகைன்னா பறந்து செத்தவங்களுக்கு? டி ஹேவிலண்ட் கம்பெனியோட டிஹெச்.108 பத்தி யாரும் பேச மாட்டீங்களா? அவங்க வேம்பயர் ஜெட் ஃபைட்டரோட உடம்ப எடுத்து, சாஞ்ச ரெக்கைய மாட்டி, பின்னாடி கிடைவாலே இல்லாம கட்டினது. மொத்தம் மூணு. மூணும் விழுந்துச்சுங்க, மூணுலயும் ஓட்டினவங்க போய்ட்டாங்க. 1946 செப்டம்பர் 27, கம்பெனி முதலாளி மகன் ஜெஃப்ரி டி ஹேவிலண்ட் ஜூனியர், வேக சாதனைக்கு ஒத்திகை பாக்க போனவரு, தேம்ஸ் முகத்துவாரத்துக்கு மேல பிளேன் துண்டு துண்டாயிருச்சு. அதுக்கு மூணு வருசம் முன்னாடிதான் இன்னொரு மகன் மாஸ்கிட்டோல செத்திருந்தாரு. அந்தப் பெரியவர் அதுக்கப்புறமும் கம்பெனிய நடத்தினாருங்கிறத நெனச்சா எனக்கு பேச்சே வராதுங்க.

அந்த எரிக் பிரவுனே அப்புறம் அதே வகை பிளேன எடுத்து, அதே வேகத்துக்கு கொண்டுபோய் என்ன ஆகுதுன்னு பாத்தாரு. மாக் 0.88 பக்கத்துல பிளேன் மூக்கு மேல கீழ, மேல கீழன்னு செகண்டுக்கு மூணு தரம் அடிச்சிருக்கு. தாடை நெஞ்சுல போய் இடிச்சுதுன்னு சொல்லிருக்காரு. அவரு குள்ளம், சீட்ட வேற இறக்கி வெச்சிருந்தாரு, தலை கண்ணாடில படல. ஜெஃப்ரி உயரமான ஆளு. கழுத்து உடைஞ்சிருந்துச்சு.

ரன்வேமேடு:
ஐயா இது எனக்கு தெரியாது. உயரம் ஒரு மூணு நாலு இஞ்ச் வித்தியாசத்துல ஒருத்தர் 2016 வரைக்கும் வாழ்ந்து 97 வயசுல போறாரு, ஒருத்தர் 36 வயசுல.

பழையஃபிட்டர்:
ஆமாங்க. அந்த மூணாவது 108லதான் 1948 செப்டம்பர்ல ஜான் டெர்ரி டைவ் அடிச்சு ஒலிய தாண்டினாரு, பிரிட்டன்ல முதல் ஆளு. அது ஃபைட்டர் இல்ல, ஆராய்ச்சி பிளேன், ஆனா கணக்குல சேக்கணும். அதே டெர்ரி 1952 செப்டம்பர் 6, ஃபார்ன்பரோ ஏர்ஷோ. அன்னிக்கு ஓட்ட வேண்டிய டிஹெச்.110 ரெடியாகலன்னு கம்பெனிக்கு போய் இன்னொரு 110 எடுத்துட்டு வந்தாரு. மேல இருந்து டைவ் அடிச்சு ஒலிய தாண்டறப்ப வர்ற டமார் சத்தத்த காட்டிட்டு, கீழ வந்து கூட்டத்துக்கு முன்னால திரும்பறப்ப ரெக்கை பிச்சுக்கிட்டு, எஞ்சினுங்க தனியா பறந்துபோய் மேட்டுல நின்ன கூட்டத்துல விழுந்துச்சு. பாக்க வந்தவங்க 29 பேரு, பிளேன்ல ரெண்டு பேரு.

டீக்கடைபெஞ்ச்:
அதுக்கப்புறம் ஷோ நிக்கலங்கிறதுதான் எனக்கு இன்னிக்கும் புரியாத விஷயம். ரன்வேய கூட்டிட்டு நெவில் டியூக் ஹாக்கர் ஹண்டர் ஃபைட்டர் எடுத்துட்டு போய் அவரும் டைவ் அடிச்சு டமார் சத்தம் காட்டிட்டு வந்தாரு. மறுநாள் சர்ச்சில் பாராட்டி கடுதாசி. இப்ப நடந்தா நாலு நாளைக்கு டிவில வேற நியூஸ் ஓடாது.

பனங்கொட்டை:
எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச வுல்வர்ஹாம்ப்டன் பக்கம்தான் இருக்கிறன், கொஸ்ஃபோர்ட் ஆர்ஏஎஃப் மியூசியம் காரில அரை மணித்தியாலம் கூட இல்லை. நீங்கள் கதைக்கிற சாமான் கனக்க அங்கதான் நிக்குது. போன வருசம் மகனோட போனனான், அவன் அரை மணித்தியாலத்தில அலுத்துப்போய் போனைத் தூக்கிட்டான், நான் மூண்டு மணித்தியாலம் நிண்டன்.

ஃபேரி டெல்டா 2 எண்டு முக்கோண ரெக்கைப் பிளேன் ஒண்டு, உலக சாதனை செய்தது எண்டா பெரிய சாமான் எண்டு நினைச்சுப் போனனான். சின்னன். ரெக்கை இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் எட்டு மீற்றர் சொச்சம்தான். ரெக்கையின்ர தடிப்பைப் பாக்கேக்க இதுக்குள்ள எங்க எண்ணெய் விட்டவங்கள், எங்க சில்லை மடிச்சு வைச்சவங்கள் எண்டு இருந்தது. கிட்டப் போய் மூக்கைப் பாத்தன், காக்பிட்டோட சேத்து முழுசா கீழ மடியிற மூக்கு, அந்த மடிப்புக் கோடு வடிவாத் தெரியுது. இறங்கேக்க மூக்கு மேல தூக்கி நிக்கும், பைலட்டுக்கு ரன்வே தெரியாது, அதாலதான் பத்துப் பாகை கீழ மடக்கிறது. பிறகு கான்கார்டில வந்ததும் இதே யோசினைதான். கொஸ்ஃபோர்டில நிக்கிறது ரெண்டாவது பிளேன், சாதனை செய்தது முதலாவது, அது வேற இடம்.

ரன்வேமேடு:
ஆஹா அண்ணே, குடுத்து வெச்சவர் நீங்க. டெல்டா 2 எனக்கு ரொம்ப பிடிச்ச பிளேன், அத பத்தி கொஞ்சம் நீளமா போறேன் மன்னிச்சுக்கோங்க.

1954 அக்டோபர் 6ல முதல் பறப்பு, பாஸ்காம்ப் டவுன்ல, பைலட் பீட்டர் ட்விஸ். அடுத்த மாசம் 17ஆம் தேதி மேல போய்ட்டு இருக்கறப்ப உள்ள இருக்கிற ஒரு டேங்க் நசுங்கிருச்சு, எஞ்சினுக்கு எண்ணெய் போகல, நின்னுபோச்சு. கிளைடர் மாதிரி கூட கிடையாது அது, எறிஞ்ச கல்லு. குதிச்சிருக்கலாம். ஆனா இருக்கிறது ஒரே ஒரு பிளேன், என்ன கோளாறுன்னு தெரியணும்னா பிளேன் முழுசா வேணும், அதனால மனுஷன் மேகத்துக்குள்ள இறங்கி அதே பாஸ்காம்ப் டவுனுக்கே கொண்டாந்தாரு. எஞ்சின் இல்லாம ஹைட்ராலிக் பிரஷர் போகுது, மூக்க மடிக்க முடியல, கியர்ல மூக்குச் சக்கரம் மட்டும்தான் வெளிய வந்துச்சு. வயித்துலயே தேச்சுட்டு போய் நின்னாரு. பிளேன் திரும்ப பறக்க மறு வருசம் ஆகஸ்ட் ஆச்சு.

அப்புறம் 1956 மார்ச் 10. அப்ப இருந்த உலக சாதனை அமெரிக்க சூப்பர் சேபரோடது, மணிக்கு 822 மைல். ட்விஸ் சிச்செஸ்டர் பக்கம் கடலோரமா 38,000 அடில ரெண்டு பக்கமும் ஓட்டி சராசரி 1132 மைல், கிலோமீட்டர்ல 1822. பழைய சாதனைய விட 310 மைல் ஜாஸ்தி! சாதனைய ஒரு மைல் ரெண்டு மைல்னு ஏத்திட்டிருந்த காலம் அது, 1953 செப்டம்பர்ல ஹண்டர் 727ன்னு வெச்சா மூணு வாரத்துக்குள்ளயே இன்னொரு பிரிட்டிஷ் ஃபைட்டர் ஸ்விஃப்ட் லிபியா பாலைவனத்துல 735ன்னு வெக்குது, அந்த மாதிரி. அதுல ஒரே அடியா 310.

சரி, சாதனைக்கு பரிசா என்ன குடுத்தாங்க? ஒண்ணுமில்ல. ஃபைட்டரா மாத்துங்கன்னு ஃபேரி எவ்ளோ பிளான் குடுத்துச்சு, எதுவும் போகல. மண்ணுல இருக்கிறவங்க கண்ணாடி வீட்டுல செடி வளக்கறவங்க எல்லாம் டமார் சத்தத்துக்கு புகார் குடுக்க, தாழ்வா சூப்பர்சானிக் ஓட்டக்கூடாதுன்னு ஆச்சு. மிச்ச டெஸ்ட்டுக்கு பிளேன தூக்கிட்டு பிரான்ஸ்ல கஸோ போனாங்க. அங்க டஸ்ஸோங்கிற பிரெஞ்சு பிளேன் கம்பெனி ஆளுங்க நல்லா உபசரிச்சு, நல்லா பாத்துக்கிட்டாங்க. பாத்துக்கிட்டாங்கன்னா ரெண்டு அர்த்தத்துலயும். அந்த வருச நவம்பர்லயே அவங்களோட முக்கோண ரெக்கை ஃபைட்டர் மிராஜ் 3 பறந்துருச்சு. உலகம் பூரா வித்தான். இவன் பிளேன வெச்சுட்டு உக்காந்திருந்தான்.

எதிர்க்கட்சி:
நல்லா ஓடிட்டிருந்த கதைல கடைசி பாராவுல குப்புற விழுந்துட்டீங்க. டெல்டா 2 கஸோ போனது 1956 அக்டோபர், நவம்பர். மிராஜ் 3 பறந்தது 1956 நவம்பர். நாலு வாரத்துல பாத்து காப்பியடிச்சு பிளேன் கட்டி பறக்க விட்டுட்டானா? டஸ்ஸோவோட முதல் டெல்டா எம்டி.550, 1955 ஜூன்லயே பறந்தாச்சு. பிரெஞ்சுக்காரன் தன் வழில வந்துட்டுதான் இருந்தான். டெல்டா 2வ பாத்து அவனுக்கு தைரியம் வந்திருக்கும், நாம போற ரோடு சரிதான்னு. அது வேற, திருட்டு வேற.

ரன்வேமேடு:
சரி சரி, அந்த தேதிய நான் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கல. ஒத்துக்கறேன். ஆனா வித்தது யாரு விக்காதது யாருங்கிறது மாறல.

பனங்கொட்டை:
அந்த முதலாவது டெல்டா 2க்கு என்ன நடந்தது எண்டு சொல்லேல்லையே. அதைக் கொண்டுபோய் ரெக்கையை முழுசா மாத்தி, கான்கார்டுக்கு வாற வளைஞ்ச ரெக்கையைப் போட்டு பிஏசி 221 எண்டு புதுப் பேர் வைச்சவங்கள். 1964 மே மாசம் திரும்பப் பறந்தது. இப்ப யோவில்ட்டன் மியூசியத்தில நிக்குது, பக்கத்தில பிரிட்டன் பக்கத்து முதல் கான்கார்ட். சாதனை செய்த ரெக்கை இப்ப இல்லை அண்ணை. மூக்கு மட்டும்தான் பழைய மூக்கு மாதிரி.

டீக்கடைபெஞ்ச்:
எஸ்ஆர்.53 பாத்தீங்களா அண்ணே கொஸ்ஃபோர்ட்ல? அந்த பிளேனோட பின்பக்கம் எனக்கு ஒரு காதல்.

பனங்கொட்டை:
பாத்தனான். வெள்ளை வெளேரெண்டு, வடிவான சாமான். பின்பக்கம் ரெண்டு ஓட்டை, மேல வைப்பர் ஜெட், கீழ ஸ்பெக்டர் ராக்கெட். ராக்கெட்டில ஏறிப்போய் குண்டுபோட வாறவனை அடிச்சுப்போட்டு, சின்ன ஜெட்டில வீட்டுக்கு வாறது எண்டுதான் திட்டம்.

பழையஃபிட்டர்:
அந்த ராக்கெட்டுக்கு ஊத்தறது ஹைட்ரஜன் பெராக்சைடுங்க. மருந்துக்கடைல புண்ணு கழுவ வாங்கறோமே, நுரைக்குமே, அது தண்ணி கலந்தது. இது தண்ணிய எடுத்துட்ட அடர்த்தி, ஹெச்டிபின்னு சொல்லுவாங்க. குழாய்க்குள்ள ஒரு துளி கிரீஸ், துரு, தூசி இருந்தா போதும், அதுவா கொதிச்சு கிளம்பிரும். அத ஒரு ஸ்குவாட்ரன்ல தெனமும் பசங்க கைல குடுத்து ஊத்தச் சொல்றதுன்னா, எனக்கு வேணாஞ்சாமி. நான் சாதா மண்ணெண்ணெய் டேங்க் துடைச்சவன், அதுக்கே எங்க ஃபோர்மேன் மூணு தரம் வந்து விரல விட்டு பாப்பாரு.

1957 மே 16ல ஜான் பூத் அத முதல்ல பறக்க விட்டாரு. கொடும என்னன்னா அதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே ஏப்ரல் 4, டங்கன் சாண்டிஸ்னு பாதுகாப்பு மந்திரி வெள்ளை அறிக்கை விட்டுட்டாரு, இனிமே ஏவுகணைதான், ஆள் ஓட்டற ஃபைட்டர் தேவையில்லன்னு. பொறந்த குழந்தைக்கு சாவு ஓலை முன்னாடியே எழுதியாச்சு. அடுத்த வருசம் ஜூன்ல ரெண்டாவது பிளேன் டேக்ஆஃப்ல மேல ஏறாம ரன்வே தாண்டிப் போய் பூத் அதுலயே போய்ட்டாரு. இதோட அண்ணன் எஸ்ஆர்.177ன்னு பெருசா ஒண்ணு, அது கட்டி முடிக்கறதுக்குள்ளயே ரத்து. வாங்கறேன்னு நின்ன ஜெர்மனி அமெரிக்காக்காரனோட ஸ்டார்ஃபைட்டர் பக்கம் போயிருச்சு.

ஏரோபொண்ணு:
ப்ரிஸ்டல் 188 பத்தியும் சொல்லுங்க ஐயா, அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல கட்டினதுன்னு படிச்சேன், ஏன்னு பாதி புரிஞ்சுது.

பழையஃபிட்டர்:
கண்ணு, அது ஃபைட்டர் இல்ல, ஆராய்ச்சி பிளேன்தான், ஆனா என் கட்சி அது. மாக் ரெண்டுக்கு மேல ரொம்ப நேரம் போனா காத்து உரசியே தோல் சூடாகும், அலுமினியம் இளகிரும். அதுக்கு எஃகுல கட்டி பாப்போம்னாங்க. நான் ஒரு ஃபேக்டரில ஸ்டெயின்லெஸ் ஷீட் வெல்டிங் பாத்தவன். இந்தப் பக்கம் டார்ச் வெச்சா அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி எந்திரிக்கும். ஒரு மீட்டர் நேரா வர்றதுக்கு நாக்கு தள்ளும். இவங்க ஒரு முழு பிளேனையே ஆர்கான் வாயு வெச்சு வெல்டிங் பண்ணி கட்டினாங்க, கை எடுத்து கும்பிடணும். ஆனா 1962ல பறக்கறப்ப எஞ்சின் எண்ணெய குடிக்கிற குடில வேகம் ஏத்தறதுக்குள்ளயே டேங்க் காலி. அதிகபட்சம் மாக் 1.88. ரொம்ப நேரம் சூடுல நிக்கணும்னு கட்டினது, நிக்கவே முடியல. கான்கார்ட் அலுமினியத்துலயே மாக் 2 பக்கத்துல நின்னுக்கிச்சு. ஒரு 188 கொஸ்ஃபோர்ட்ல இருக்கு, இன்னொண்ண உடைச்சிட்டாங்க.

எதிர்க்கட்சி:
பட்டியல் பெருசாயிட்டே போகுது, என் பங்குக்கு ரெண்டு. ஹாக்கர் பி.1083, ஹண்டர்க்கு 50 டிகிரி சாஞ்ச மெல்லிய ரெக்கை போட்டு லெவல்லயே சூப்பர்சானிக் போகணும்னு கட்டிட்டிருந்தாங்க, 1953 ஜூலைல ரத்து, கிட்டத்தட்ட முடிஞ்ச நேரத்துல. உடம்ப வீணாக்கல, அதையே எடுத்து ஹண்டர் எஃப்.6க்கு புரோட்டோடைப் ஆக்கி 1954 ஜனவரில பறக்க விட்டாங்க, நம்ம ஏர்ஃபோர்ஸ் வாங்கின ஹண்டர் அந்த வம்சம்தான். இன்னொண்ணு சூப்பர்மரீன் 545, கட்டி வெச்சு பறக்கவே விடல.

இப்ப என் வாதம். ரன்வேமேடு "அரசாங்கம் கொன்னுச்சு"ன்னு ஆரம்பிச்சாரு. அதே அரசாங்கம், அதே மந்திரி, அதே வெள்ளை அறிக்கை, ஆனா ஒண்ணு மட்டும் பொழச்சுதே. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் பி.1. அது எப்படி பொழச்சுதுன்னு சொல்லுங்க பாப்போம்.

ரன்வேமேடு:
ரொம்ப தூரம் போய்ட்டதால சார். அதோட அடுத்த வடிவம் பி.1பி முதல்ல பறந்ததே 1957 ஏப்ரல் 4, வெள்ளை அறிக்கை வந்த அதே நாள்! அந்த வேலை ரொம்ப முன்னாடி போயிருச்சு நிறுத்த முடியாதுன்னு விட்டுட்டாங்க. லக்கு.

எதிர்க்கட்சி:
லக்குன்னு முடிச்சிடாதீங்க. ஏன் அது மட்டும் அவ்ளோ தூரம் போச்சு? அந்த கம்பெனி டிசைனர் டெடி பெட்டர் 60 டிகிரி சாஞ்ச ரெக்கை, ரெண்டு எஞ்சின் ஒண்ணு மேல ஒண்ணு, வால் கீழ தாழ்வான்னு வரைஞ்சு குடுத்தாரு. ஆர்ஏஇன்னு அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் முடியாதுன்னாங்க, இவ்ளோ சாய்வு வேணாம், வால மேல தூக்கி வைன்னாங்க. எம்.52 மாதிரியே சரியான இடத்துல வந்து நின்னுச்சு சண்டை. அங்க என்ன பண்ணாங்க, பேப்பர பாத்து நிறுத்தினாங்க. இங்க என்ன பண்ணாங்க, ஷார்ட் எஸ்பி.5ன்னு ஒரு பிளேன் கட்டினாங்க. பாக்க கேவலமா இருக்கும். மடியாத சக்கரம், சூப்பர்சானிக் பக்கமே போகாத வேகம். ஆனா தரைல வெச்சு ரெக்கைய 50, 60, 69 டிகிரின்னு மாத்தலாம், வால மேலயும் வெக்கலாம் கீழயும் வெக்கலாம். 1952 டிசம்பர்ல பறக்க ஆரம்பிச்சுது. பறந்து பாத்தா பெட்டர் வரைஞ்சதுதான் சரி, வால் கீழதான் இருக்கணும். வாய மூடிட்டாங்க. 1954 ஆகஸ்ட் 4ல டெஸ்ட் பைலட் பீமண்ட் பி.1 எடுத்துட்டு போறாரு, ஒரே வாரத்துல லெவல்ல ஒலி வேகத்த தாண்டறாரு, ஆஃப்டர்பர்னர் கூட இல்லாம. 1958 நவம்பர்ல பி.1பி மாக் 2. அதுதான் அப்புறம் ஏர்ஃபோர்ஸுக்கு போன லைட்னிங் ஃபைட்டர்.

சந்தேகத்த பறந்து தீத்துக்கிட்டது பொழச்சுது. மேஜைல தீத்துக்கிட்டது செத்துது. அரசாங்கம் ரெண்டுலயும் அதே அரசாங்கம்தான்.

ரன்வேமேடு:
சார் இது நல்ல பாயிண்ட், ஆனா அது என் கட்சிக்குத்தான் சாதகம். எம்.52யையும் பறக்க விட்டிருந்தா அந்த சந்தேகம் அன்னிக்கே தீந்திருக்கும். டெல்டா 2க்கு பறந்து நிரூபிச்சும் ஒண்ணும் நடக்கலையே, அத எங்க வெப்பீங்க?

எதிர்க்கட்சி:
டெல்டா 2 மட்டும் இடிக்குது, ஒத்துக்கறேன். அது எந்த சண்டையையும் தீக்க கட்டினது இல்ல, ஏர்ஃபோர்ஸ் கேட்டு கட்டினதும் இல்ல. பதில் பளிச்சுன்னு இருந்துச்சு, கேள்வி கேட்டவன் யாரும் இல்ல.

டீக்கடைபெஞ்ச்:
அடேங்கப்பா, எதிர்க்கட்சி ஒத்துக்கிட்டாரு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கறேன்.

பழையஃபிட்டர்:
பெட்டர் பேர சொன்னதும் ஞாபகம் வந்துச்சுங்க. அவரு பி.1 பறக்கற வரைக்கும் அங்க இல்ல, 1950லயே கோவிச்சுட்டு கிளம்பிட்டாரு, மிச்சத்த முடிச்சது ஃப்ரெடி பேஜ். பெட்டர் ஃபாலண்ட் கம்பெனிக்கு போய், பெரிய பிளேன் எல்லாம் வேணாம், சின்னதா விலை கம்மியா கட்டுவோம்னு கட்டினதுதான் நேட். அத தன் நாடு ஃபைட்டரா வாங்கல, பயிற்சிக்குத்தான் வாங்குச்சு. ஃபைட்டரா வாங்கி பெங்களூரு ஹெச்ஏஎல்ல கட்டி, 1965ல பாகிஸ்தானோட சேபர் கூட மோதவிட்டது நாம. அந்த நேட்டோட ஆர்ஃபியஸ் எஞ்சின்தான் ஹெச்ஏஎல் கட்டின நம்ம மாருத் ஃபைட்டர்லயும். அதே ஆர்ஃபியஸ்தான் பின்னாடி அந்த எஸ்பி.5ல 69 டிகிரி ரெக்கை போட்டப்ப மாட்டினதும். மனுஷன் கடைசில பிளேனே வேணாம்னு எல்லாத்தையும் விட்டுட்டு, குடும்பத்தோட சுவிட்சர்லாந்துல ஒரு மதக்குழுவுல போய் சேந்துட்டாரு.

ஏரோபொண்ணு:
ஐயா நிஜமாவா? எங்க பாடத்துல பேரு கூட வராதே இவரு.

ரன்வேமேடு:
பனங்கொட்டை அண்ணே, அந்த எஸ்பி.5வும் கொஸ்ஃபோர்ட்லதானே இருக்கு? பாத்தீங்களா? போட்டோ இருக்கா?

பனங்கொட்டை:
நிண்டது அண்ணை. பி.1க்குக் கிட்டத்தான் நிண்டது. உண்மையைச் சொன்னா, சில்லு வெளிய நீட்டிக்கொண்டு ஏதோ பழைய பயிற்சிப் பிளேன் எண்டு நினைச்சு, அதின்ர மூக்கில சாஞ்சு நிண்டுகொண்டு பி.1ஐத்தான் போட்டோ எடுத்தனான். போட்டோவில ஒரு மூலையில அதின்ர ரெக்கை நுனி மட்டும் விழுந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாட்டி திரும்பப் போறன்.

டீக்கடைபெஞ்ச்:
மியூசியத்துக்கு கூரை இருக்கும்ல அண்ணே, மழை வந்தா என்ன?

பனங்கொட்டை:
கூரை இருக்கு. மகனைக் காருக்குள்ள ஏத்திறதுதான் பாடு.